அக்காவுக்கு நான் கொடுத்த மஞ்சள் மாத்திரை

நடந்தவை, வரிசைப்படி:

1. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நின்ற முதல் கர்ப்பம் பிள்ளையாக வளரவில்லை. திராட்சைக் குலை போல நீர்க் கொப்புளங்களாக வளர்ந்தது. முத்துப்பிள்ளை என்பார்கள். ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள்.
2. எடுத்து மூன்று மாதமாகியும் அவளுடைய சிறுநீர் கர்ப்பம் இருப்பதாகவே காட்டியது. உள்ளே தங்கிய திசு புற்றாக மாறியிருந்தது.
3. லேடி டாக்டர் சிங்கப்பூரிலிருந்து ஒரு புது மாத்திரை வரவழைத்தார். ஐந்து நாள் மாத்திரை, பிறகு ஓய்வு. அது ஒரு சுற்று.
4. முதல் சுற்றில் நோய் இறங்கியது. அக்காவின் வாய் முழுக்கப் புண்ணானது.
5. நான் அவளுக்கு வேறொரு மாத்திரை கொடுத்தேன்.
6. புண் ஆறியது.
7. இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் நோய் இறங்கவில்லை.

இந்தப் பட்டியலை நான் முதலில் எழுதியது லேடி டாக்டருக்காக. மூன்று சுற்றுகளின் விவரத்தையும் ஒரே தாளில் சுருக்கித் தரும்படி அவர் கேட்டிருந்தார். அந்தத் தாளில் ஆறு வரிகள்தான் இருந்தன. ஐந்தாவது வரி இல்லை. அதற்கு அடுத்ததை 'புண் தானாக ஆறியது' என்று மாற்றி, எண்களைச் சரிசெய்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். 'தானாக' என்ற சொல்லைத் தயங்காமல் எழுதினேன். இப்போது நினைத்தால் அதுதான் அதிகமாக உறுத்துகிறது.

மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீடும் அக்காவின் வீடும் ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு வாசல்கள். நடுவில் பலகைச் சுவர். அக்கா தையல் மிஷினை மிதிக்கும் சத்தம் எங்கள் அடுப்படியில் கேட்கும். எங்கள் அம்மா மிளகாய் வறுத்தால் அக்கா அந்தப் பக்கம் தும்முவாள். அவள் வீட்டுக்காரர் கிளேபாங் போகும் பஸ்ஸில் கண்டக்டர். அக்கா ஜாலான் பெண்டஹாரா துணிக்கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி டவுனுக்கு வந்தவள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான்கு வருடம் காத்திருந்து நின்ற கர்ப்பம் அது.

நான் சிங்கப்பூரில் இரண்டு வருடம் பயிற்சி முடித்து, ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இரத்த அணுக்களை எண்ணுவது, சளியில் கிருமி தேடுவது, மலத்தில் புழு முட்டை பார்ப்பது, தேரைக்கு ஊசி போடுவது. கடைசி வேலையைப் பற்றி அம்மா வெளியில் யாரிடமும் சொல்வதில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம், "ரத்தம் டெஸ்ட் பண்ற வேல" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்.

தேரை விஷயம் இதுதான். கர்ப்பமான பெண்ணின் சிறுநீரில் ஒரு சுரப்பு இருக்கும். அதை ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கடியில் ஏற்றினால், மூன்று மணி நேரத்துக்குள் தேரை விந்தணுக்களை வெளியேற்றும். அதன் நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அணுக்கள் நீந்துவது தெரியும். நீந்தினால் ஆம். இல்லையென்றால் இல்லை. அக்காவுக்கு வந்த நோயும் அதே சுரப்பைச் சுரந்தது, கர்ப்பத்தைவிடப் பல மடங்கு. அதனால் அவளுடைய சிறுநீரைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று நீர் கலந்து ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தேரைக்கு ஏற்றுவேன். ஆயிரம் மடங்கிலும் தேரை ஆம் என்றால் நோய் உச்சத்தில் இருக்கிறது. எந்தப் படியில் தேரை இல்லை என்கிறதோ, நோய் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. ஏணி மாதிரி.

தேரைகளைப் பிடித்து வருபவர் எங்கள் கூடத்துப் பணியாள். அவரும் காஜா பெராங்தான், செட்டிக் கம்பத்துக்காரர்; பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசப் பழகியவர்களின் கிராமம் அது. ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு இருக்கும், தமிழ் வராது. அவர்கள் வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். அதில் தங்கிப்போன சில தமிழ்ச் சொற்களில் ஒன்றை அவர் தேரைகளுக்கு வைத்திருந்தார். ஈரச் சாக்கு போட்ட பெட்டியைத் திறந்து, "மாப்பிளே சுடா சியாப், மிஸி" என்பார். மாப்பிள்ளைகள் தயார். ஊசி போட்டு மூன்று மணி நேரத்தில் மாப்பிள்ளை வேலையைக் காட்டவில்லையென்றால், இவருக்கு வேறு பெண் பார்க்க வேண்டும் என்று தலையை ஆட்டுவார்.

முதல் சுற்றுக்கு முன் அக்காவின் ஏணி ஆயிரத்தில் நின்றது. சுற்று முடிந்து இரண்டாவது வாரம், ஆயிரத்தில் இல்லை, நூறில் ஆம். நான் லேடி டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், கோலாலம்பூரில் வளர்ந்தவர், எதற்கும் முகம் மாறாதவர். அன்று மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப வேலை செய்யுது, என்ன" என்றார்.

அந்த மருந்து என்னை மயக்கியிருந்தது. டாக்டருக்கு வந்த ஒரு மருத்துவ இதழில் அதன் படம் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூலக்கூறுகள். இடப்பக்கம் ஃபோலிக் அமிலம், கீரையிலும் ஈரலிலும் இருக்கிற வைட்டமின். வலப்பக்கம் மருந்து. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். இரண்டே இடங்களில்தான் வித்தியாசம். ஓரிடத்தில் ஆக்சிஜனை எடுத்துவிட்டு நைட்ரஜனை வைத்திருந்தார்கள், இன்னோரிடத்தில் ஒரு கார்பனைக் கூட்டியிருந்தார்கள்.

உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. ஃபோலிக் அமிலத்தைப் பிடித்து, செல்கள் பெருகுவதற்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. வேகமாகப் பெருகும் புற்றுச் செல்லுக்கு அது ஓயாமல் வேண்டும். மருந்து வைட்டமினைப் போலவே வந்து நொதியின் கையில் உட்கார்ந்துகொள்ளும். நொதிக்கு அதை மாற்றவும் முடியாது, விடவும் முடியாது. புற்று பட்டினி கிடக்கும். வாயின் உள்தோலும் வேகமாகப் பெருகுவதுதான். அதனால் அதுவும் பட்டினி கிடந்து புண்ணாகும்.

மூலிகையைக் காய்ச்சிப் பார்த்து, எலிக்குக் கொடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்த மருந்தல்ல அது. யாரோ காகிதத்தில் ஒரு வடிவத்தைப் பார்த்து, அதை ஏமாற்ற இன்னொரு வடிவத்தைக் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். நான் அந்தப் படத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, மாறிய இரண்டு இடங்களையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். ஆக, தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

முதல் சுற்று முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா பின்வாசல் வழியாக வந்து எங்கள் அடுப்படியில் உட்கார்ந்தாள். உதடு வெடித்து, ஓரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது.

"வாயத் தொறங்கக்கா, பாக்கிறேன்."

"பாத்து என்னா செய்யப் போற. உள்ளுக்குத் தாரு ஊத்தி ரோடு போட்ட மாதிரி கெடக்கு."

"ஒங்க மாமியாரு ஏதாவது குடுத்தாங்களா?"

"மணத்தக்காளிய அரைச்சு அரைச்சு ஊத்துறாங்க. நேத்து மோரு, முந்தாநாளு தேங்காப்பாலு. எது உள்ள போனாலும் நெருப்புதான், தங்கச்சி. எச்சி முழுங்கவே சூசாவா, கஷ்டமா இருக்கு."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். மருந்து வேல செய்யிறதுக்கு அடையாளமாம், பொறுத்துக்கணுமாம். பொறுக்கச் சொல்றது சுளுவு. வெந்தது அவுங்க வாயா?"

பேசி முடிப்பதற்குள் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழவில்லை. எரிச்சலில் வந்த தண்ணீர். அம்மா கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள்.

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. இரத்தம் பார்க்க வரும் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு இரத்தம் குறைவாக இருக்கும். தெங்கேராவிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் நடந்து வருகிறவர்கள். அவர்களை மறுபடியும் மருந்து கொடுக்கும் இடத்தில் வரிசையில் நிற்க வைக்கக் கூடாது என்று, ஃபோலிக் அமில மாத்திரை ஒரு ஜாடி என் மேசையிலேயே இருக்கும். எண்ணைப் பார்ப்பேன், குறைந்திருந்தால் கை ஜாடிக்குப் போகும், ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுப்பேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கை அங்கே போய்வரும். யோசிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை அக்காவின் இரத்தத்தைப் பார்த்தேன். குறைந்திருந்தது. கை ஜாடிக்குப் போனது. எதிரே சுவரில் என் படம் இருந்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் உதட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சோறு தின்னப்புறம் வேளைக்கு ஒன்னுக்கா. நாளைக்கு மூனு. தீந்தா சொல்லுங்க."

"இதுவும் மஞ்சளாத்தான் இருக்கு. சிங்கப்பூர் மாத்திர மாதிரியே."

"இது வைட்டமின்கா. ரத்தம் ஊறும்."

"டாக்டரம்மாகிட்ட சொல்லணுமா?"

"இதுக்கெல்லாமா? வேணாங்கா."

வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் சின்னது. அந்த ஜாடி கர்ப்பிணிகளுக்கு உரியது. சீட்டு இல்லாமல் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போனேன் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னதால்தான் மற்றதெல்லாம் நடந்தது.

ஒரு வாரத்தில் அக்கா சோறு சாப்பிட்டாள். அவள் மாமியார் ஒரு கிண்ணம் மீன் குழம்போடு எங்கள் வாசலுக்கு வந்தார். "எங்க கீர ஆத்தாதத உன் மாத்திர ஆத்திருச்சு. உனக்குக் கைராசி" என்றார். அந்தக் குழம்பை நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

இரண்டாம் சுற்று நடக்கும்போதும் அக்கா என் மாத்திரையை நிறுத்தவில்லை. பை தீர்ந்தால் நான் கொடுத்தேன். வாயில் ஒரு புண்கூட வரவில்லை. சுற்று முடிந்ததும் ஏணியைப் பார்த்தேன். நூறில் ஆம். தேரைகள் மேல் சந்தேகப்பட்டு, வேறு தேரைகளை வைத்துத் திரும்பச் செய்தேன். நூறில் ஆம். மூன்றாம் சுற்று. நூறில் ஆம்.

அந்த மூன்றாவது முடிவை நான் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, பணியாள் மேசையைத் துடைக்க வந்தார். ஜாடியைத் தூக்கிப் பார்த்தார். "உபாட் கூனிங் சுடா ஹாபிஸ், மிஸி" என்றார். மஞ்சள் மருந்து தீர்ந்துவிட்டது. போன மாதம்தானே நிரப்பினோம், இந்த வருடம் மலாக்காவில் எல்லாப் பெண்களும் பிள்ளை உண்டாகியிருக்கிறார்களா, மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வருகிற சந்தோஷமா என்று கேட்டுச் சிரித்தார். காலி ஜாடியை எனக்கு நேராக உயர்த்திப் பிடித்திருந்தார். அதற்குப் பின்னால், சுவரில், இடப்பக்கத்து மூலக்கூறு, ஃபோலிக் அமிலம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருந்து எந்த இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டுமோ, அந்த இடத்துக்கு நான் நாளைக்கு மூன்று வேளை ஆள் அனுப்பிக்கொண்டிருந்தேன். வாய்ப் புண் ஆறியது கைராசியால் அல்ல. வாய்க்குப் போன சாப்பாடு புற்றுக்கும் போயிருக்கிறது.

அன்று சாயங்காலமே அக்காவின் வீட்டுக்குப் போய், மிச்சமிருந்த மாத்திரைகளை வாங்கிக்கொண்டேன். பழைய சரக்கு, நாள் கடந்துவிட்டது என்றேன். அக்கா மிஷினில் இருந்தாள். மெர்டேக்காவுக்காகத் துணிக்கடைக்காரர் புதுக் கொடி தைக்கக் கொடுத்திருந்தார். அறை முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் நீளநீளமாகக் கிடந்தன.

"பதினோரு கோடு. ஒன்னு கூடிட்டாலும் கடைக்காரரு மூஞ்சியிலயே எறிவாரு" என்றாள். பிறகு, "எனக்குத்தான் ஒன்னும் ஆகலியே. அதத் தின்னுதான் நா தெம்பா இருக்கேன்" என்றாள்.

நான் பையை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்காவைக் கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். சோதனைக் குழாய்த் தட்டோடு நான் கதவோரம் நின்றேன். டாக்டர் அக்காவின் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்து, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்புறம் எல்லாம் பார்த்தார்.

"ஒரு புண்ணும் இல்லை" என்றார். விளக்கை அணைத்தார். "முதல் முறை இந்த வாய் அவிஞ்சு கிடந்தது. இப்ப அதே மாத்திரை, அதே அளவு, ஒண்டும் இல்லை. நீர் மாத்திரையை விழுங்கிறீரோ, இல்லாட்டி அடுப்புக்குள்ள போடுறீரோ?"

"முழுங்குறேன் டாக்டர்."

"நான் எத்தினை பேரைப் பார்த்திட்டன். முன்னுக்கு ஓம் எண்டு தலையாட்டிப் போட்டு, வெளியில போய் வடிகானுக்குள்ள துப்புறது."

"சாமி சத்தியமா முழுங்குறேன் டாக்டர். பத்துப் பத்தா எண்ணி வச்சித்தான் முழுங்குறேன். வேணும்னா எங்க வீட்டுக்காரரக் கேளுங்க."

"வேற ஏதும் மருந்து எடுத்தனீரோ? கசாயம், டொனிக், ஏதும்?"

அக்கா என் பக்கம் பார்த்தாள். ஒரு கணம்தான். அந்த மாத்திரை செய்த கெடுதல் எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. என் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்றுதான் பார்த்தாள்.

"ஒன்னும் இல்ல டாக்டர்" என்றாள்.

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். நான்கு அடி தூரத்தில் டாக்டர் இருந்தார். குழாய்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வரக் கூடாதே என்று அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியில் வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து, "நா சொல்லல பாத்தியா" என்றாள். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. துப்பிவிட்டாள் என்று பேர் வாங்கிக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அடுத்த நாள்தான் டாக்டர் அந்தத் தாளைக் கேட்டார். நான் ஆறு வரி எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கணக்குப் போட்டேன். மருந்தும் வைட்டமினும் ஏறக்குறைய ஒரே எடையுள்ள மூலக்கூறுகள். அதனால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஒப்பிடலாம். அக்கா நாளுக்கு விழுங்கிய மருந்து இருபத்தைந்து. என்னிடமிருந்து வாங்கி விழுங்கியது பதினைந்து. நொதியின் வாசலில் ஐந்து பொய்க்கு மூன்று மெய். ஆனால் நொதி பொய்யைத்தான் இறுகப் பிடிக்கும் என்று இதழ் சொன்னது. எவ்வளவு இறுக்கம் என்ற எண்ணைச் சொல்லவில்லை. அந்த எண் இருந்தால் நான் கெடுத்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பாதியா, நூறில் ஒரு பங்கா. பங்கு குறைவாக வந்தால் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் அவ்வளவு கணக்கும் போட்டேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். விதவிதமாகப் போட்டும் கணக்கு முடியவில்லை.

டாக்டர் முடித்தார். ஒரு வியாழக்கிழமை, சிங்கப்பூருக்குப் போக வேண்டிய கடிதத்தோடு என் மேசைக்கு வந்து, தேரை முடிவுகளைச் சரிபார்க்கச் சொன்னார். கடிதத்தை நான் படித்தேன். மருந்து பலன் தரவில்லை, நோயாளி ஒழுங்காக உட்கொண்டாரா என்பதிலும் ஐயம், எனவே கருப்பையை எடுத்துவிட அனுப்புகிறேன் என்று இருந்தது.

"அவங்களுக்குப் பிள்ள இல்ல டாக்டர்" என்றேன்.

"தெரியும். உயிர் இருந்தாத்தானே பிள்ளை. நீர் எண்களைப் பாரும்."

"எண்கள் சரி. தாள்தான் சரியில்ல."

சொன்னேன். எந்தத் தேதியிலிருந்து, நாளைக்கு எத்தனை, எந்த ஜாடி, எப்போது எனக்கு உறைத்தது, உறைத்த பிறகு எத்தனை நாள் சும்மா இருந்தேன். டாக்டர் உட்காரவில்லை. என் பேனாவை எடுத்து அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொண்டார். "அஞ்சு மில்லிகிராமோ?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு சுவரிலிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீர்தானே கீறினது?"

"ஆமா டாக்டர்."

"வடிவாக் கீறியிருக்கிறீர்."

அவர் பேனாவை மூடி என் மேசையில் வைத்தார்.

"இந்த மாத்திரையாலதான் மருந்து கெட்டது எண்டும் இருக்கலாம். அந்தப் புற்று மருந்துக்குப் பழகினதாயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. உமக்கும் தெரியாது. இனி ஒருத்தருக்கும் தெரியப் போறதில்லை. நீர் செய்த வேலை அதுதான்" என்றார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "அந்தப் பிள்ளையை நான் என்ன கேட்டனான் எண்டு நினைவிருக்கோ? அடுப்புக்குள்ள போடுறீரோ எண்டு கேட்டனான். நீர் பக்கத்தில நிண்டனீர்."

கடிதம் போகவில்லை. அக்காவை வார்டில் சேர்த்து, நர்ஸ் முன்னால் விழுங்க வைத்து, நாலாவது சுற்றைக் கொடுப்பதென்று முடிவானது. சேர்க்கும்போது நெஞ்சைப் படம் எடுத்தார்கள். வலது நுரையீரலின் கீழே ஒரு நிழல், பட்டாணி அளவு. முதல் சுற்றுக்கு முன் எடுத்த படத்தில் அது இல்லை. இரண்டு படங்களையும் டாக்டர் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக விளக்குப் பெட்டியில் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஜாடி என் மேசையிலிருந்து போனது. என் பணிக் கோப்பில் ஒரு தாள் சேர்ந்தது. அதில் எழுதியிருந்ததெல்லாம் உண்மை.

மெர்டேக்கா நாளன்று அக்கா வார்டில் இருந்தாள். ஊர்வலச் சத்தம் சன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்காரர் பஸ்ஸுக்குக் கட்டியது போக மிஞ்சிய ஒரு காகிதக் கொடியைக் கட்டில் கம்பியில் சொருகிவிட்டுப் போயிருந்தார். வாய் மறுபடியும் வெந்துவிட்டது. முதல் தடவையைவிட மோசமாக. என் கண்ணுக்கு அது நல்ல செய்தி. அந்த வாயைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் நிம்மதி வந்தது. அப்படி நிம்மதிப்பட்டதும் ஒரு குற்றமாகத்தான் இருந்தது.

நான் சாப்பாட்டு நேரத்தில் போனேன். அக்கா தலையணையில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அந்த மஞ்சள ஒன்னு குடேன்."

"இல்லக்கா."

"பழைய சரக்குன்னியே, புதுசு வரலியா? ஒன்னே ஒன்னு. நர்சு அந்தப் பக்கம் போயிருக்கு. நா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அதான் தெரியும்ல ஒனக்கு."

அதற்கு மேல் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னேன். நொதி, மூலக்கூறு என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

"அக்கா, நா குடுத்த மாத்திர அந்தக் கட்டிக்குச் சோறு போட்டிருக்கு. அதனாலதான் ரெண்டு சுத்து எறங்கல. இருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. நெஞ்சுல இருக்கிற நெழலும் அந்த நாள்ல வந்ததுதான்."

அக்கா நீட்டிய கையைப் போர்வைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"டாக்டர் ஒங்க வாயப் பாத்தாங்களே. அதுக்கு ரெண்டு நாளு முன்னாடி."

"முன்னாடி."

"ஆமாக்கா."

"அப்ப நா ஒனக்காகப் பொய் சொல்றப்ப, ஒனக்குத் தெரிஞ்சுதான் நின்ன."

"ஆமா."

"மாத்திர குடுத்தது பரவால்ல. பாவம்னு குடுத்த. நானும் அதத் தின்னுதான் சோறு தின்னேன்." அவளுக்குப் பேசுவதே வலித்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்திப் பேசினாள். "வடிகான்ல துப்புனேன்னு என்னயச் சொன்னாங்க. நீ தட்டப் புடிச்சிக்கிட்டு நின்ன."

மன்னிப்புக் கேட்டேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போய்ட்டு வா. கஞ்சி ஆறிடும்" என்றாள். கஞ்சியை அவள் தொடப் போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வீட்டில் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "அவுங்க மாமியார்கிட்ட நா என்ன மொகத்தோட பேசறது" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் அவரே போய்ப் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. மாமியார் இப்போதும் வாசலில் பார்த்தால் தலையசைப்பார். குழம்பு வருவதில்லை.

அக்கா வார்டிலிருந்து வந்த பிறகு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் மறுபடி ஓடுகிறது. பின்வாசல் வழியாக அவள் வருவதில்லை. சிறுநீர்ப் போத்தலை வீட்டுக்காரர் காலை பஸ்ஸுக்குப் போகும் வழியில் கூடத்தில் கொடுத்துவிட்டுப் போகிறார். முடிவை நான் போய்ச் சொல்கிறேன். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறாள். "எத்தினியில இருக்கு?" என்பாள். சொல்வேன். "சரி" என்பாள். நான் அங்கே நிற்பதை அவள் தடுப்பதும் இல்லை, உட்காரச் சொல்வதும் இல்லை.

இன்றைய நிலை: ஐந்தாம் சுற்று முடிந்துவிட்டது. நூறில் தேரை இல்லை என்கிறது. பத்தில் ஆம் என்கிறது. நுரையீரல் நிழல் பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. கருப்பை இருக்கிறது. ஆறாம் சுற்றுக்கு அக்காவைத் திங்கட்கிழமை வார்டில் சேர்க்கிறார்கள். அது முடிந்தும் பத்தில் ஆம் என்றால் அறுவைதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தப் பரிசோதனையை வேறு யாராவது செய்யட்டும் என்று கேட்டேன். வேறு ஆள் இல்லை, நீரே செய்யும் என்றார். நான்தான் செய்யப் போகிறேன்.